தோட்டா நிரப்பும் மேசைக்கு எந்தத் தராசு? ஈராண்டு நிறுத்துப் பார்த்தபின் ஒரு மதிப்புரை

சுட்டு முடித்த வெற்று உறையில் புது வெடிமருந்தும் குண்டும் வைத்து வீட்டிலேயே தோட்டா நிரப்பத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் அதை அழுத்திப் பொருத்தும் பிரஸ்ஸுக்குத்தான் முதலில் விலை விசாரிப்பார்கள். அதன்பிறகு பிரஸ்ஸில் மாட்டும் அச்சான டை, உறைகளைத் துலக்கும் இயந்திரம், வெடிமருந்தின் அளவுகளைத் தரும் கையேடு என்று பட்டியல் நீளும். எல்லாம் வாங்கி முடித்து, கையில் மிஞ்சிய முப்பது டாலரில் கிடைக்கும் தராசை எடுத்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ஹூஸ்டனுக்கு வடக்கே, கார் நிறுத்தும் கொட்டகையின் ஒரு மூலையில் மேசை போட்டு, .38 ஸ்பெஷல் ரிவால்வருக்கும் .308 ரைஃபிளுக்கும் தோட்டா நிரப்பி வருகிறேன். இந்த ஈராண்டில் உள்ளங்கை அளவு மின்னணுத் தராசு ஒன்றும், ஆர்சிபிஎஸ் 5-0-5 என்ற கோல் தராசு ஒன்றும் என் மேசையில் இருந்திருக்கின்றன. லீ நிறுவனத்தின் சிறிய கோல் தராசையும், ஏ அண்டு டி எஃப்எக்ஸ்-120ஐ என்ற ஆய்வகத் தராசையும் நண்பர்களின் மேசைகளில் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புதிதாகத் தொடங்குபவர், முள்ளின் ஆட்டத்தைக் காந்தத்தால் அடக்கும் நல்ல கோல் தராசு ஒன்றையும் அதனோடு சோதனை எடைக்கற்களையும் வாங்க வேண்டும், மின்னணுத் தராசு அதற்குப் பிறகு வரலாம்.

இது அமெரிக்காவுக்கான மதிப்புரை என்பதையும் குறிப்பிட்டுவிட வேண்டும். இங்கே சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்பக் கூட்டரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்காகத் தயாரித்தால்தான் தேவை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதே குற்றம். ஆகவே ஊரில் இருந்து படிப்பவர்கள் இதைத் தராசுகளைப் பற்றிய கட்டுரையாக மட்டும் படித்துக்கொள்ளலாம். வெடிமருந்தை இனி வெறும் மருந்து என்றே எழுதுகிறேன். நம் பக்கத்து வாணக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

மருந்தை நிறுக்கும் அலகு கிரெய்ன். தானிய மணி என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். பவுண்டு ஒன்றுக்கு 7,000 கிரெய்ன்; 1959இல் பவுண்டுக்குச் சர்வதேச வரையறை வகுக்கப்பட்டதிலிருந்து ஒரு கிரெய்ன் துல்லியமாக 64.79891 மில்லிகிராம். நம் பொற்கொல்லர்களும் சித்த வைத்தியர்களும் கையாண்ட குன்றிமணி எடையை 130 மில்லிகிராம் என்று கணக்கிடுவது வழக்கம். அப்படிப் பார்த்தால் ஒரு குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிரெய்ன். நான்கு நெல்லெடை ஒரு குன்றிமணி என்ற வாய்பாட்டைச் சேர்த்துக்கொண்டால் கிரெய்ன் என்பது இரண்டு நெல்மணியின் எடை. தோட்டா நிரப்புபவர் அந்த இரண்டு நெல்லைப் பத்தாகப் பகுத்து, அதில் ஒரு பங்கைத் தெளிவாகக் காண வேண்டியிருக்கிறது: 0.1 கிரெய்ன், அதாவது ஆறரை மில்லிகிராம். இந்தத் துறைத் தராசுகள் அனைத்தும் வாக்களிக்கும் நுட்பம் இதுதான்.

அந்தப் பத்தில் ஒரு பங்கு எங்கே முக்கியம், எங்கே முக்கியமில்லை என்பதைப் புரிந்துகொண்டால் தராசுத் தேர்வு பாதி முடிந்துவிடும். .308 ரைஃபிள் தோட்டாவில் நாற்பதுக்கு மேற்பட்ட கிரெய்ன் மருந்து போகும், அதில் 0.1 கிரெய்ன் கூடினாலும் குறைந்தாலும் கால் விழுக்காடுகூட மாற்றமில்லை. கைத்துப்பாக்கித் தோட்டாவில் பெரும்பாலும் நான்கைந்து கிரெய்ன்தான்; அங்கே அதே 0.1 கிரெய்ன் இரண்டு, இரண்டரை விழுக்காடு. தராசு அரை கிரெய்ன் தவறினால் ரைஃபிளில் குறி கொஞ்சம் சிதறும்; கைத்துப்பாக்கியில் அது பத்து விழுக்காட்டுக்கும் மேல். கையேடுகள் உச்ச அளவுக்குச் சுமார் பத்து விழுக்காடு கீழே தொடங்கச் சொல்கின்றன. அந்தப் பாதுகாப்பு இடைவெளி முழுவதையும் தராசின் பிழையே விழுங்கிவிடும். தொலைதூரக் குறிபார்ப்போருக்குத்தான் நல்ல தராசு வேண்டும், கைத்துப்பாக்கிக்கு ஏதோ ஒன்று போதும் என்று கடைகளில் சொல்வதை நானும் நம்பியிருந்தேன். ஆபத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நேர் எதிர்.

முதலில் வாங்கிய மின்னணுத் தராசின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதே அச்சில் வார்த்த இன்னும் பத்துப் பதினைந்து, வேறு வேறு பெயர்களில் விற்பனையில் இருக்கின்றன. மூடியைத் திறந்தால் சிறு தட்டும் 20 கிராம் எடைக்கல்லும் இருக்கும். திரையில் கிராம், காரட், அவுன்ஸ், கிரெய்ன் எல்லாம் வரும். வாங்கும்போது இவற்றில் இருவகை உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். நகைக்கடைக்கென்று விற்கும் தராசுகளில் பெரும்பாலானவற்றின் மிகச்சிறிய படி 0.01 கிராம். கிரெய்னில் அது 0.154. திரையில் கிரெய்ன் என்று எழுதியிருந்தாலும் உள்ளே ஓடுவது கிராம் கணக்குதான் என்பதால், மருந்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்கும்போது எண்கள் 4.0, 4.2, 4.3, 4.5 என்று தாவும். 4.1 என்ற எடையே அந்தத் தராசுக்குக் கிடையாது. கடையில் தராசைச் சோதிக்க விட்டால், ஒரு சிட்டிகை சர்க்கரையை மணிமணியாகத் தட்டில் இட்டு இந்தத் தாவல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். 0.001 கிராம் படியுள்ளதுதான் மருந்துக்கு ஆகும். என்னுடையது அந்த வகைதான், அதில் குறையில்லை.

குறை வேறிடத்தில் இருந்தது. ஓர் ஆகஸ்ட் மாலையில் ஐம்பது .38 தோட்டா நிரப்ப உட்கார்ந்தேன். தட்டை வைத்துச் சுழியம் ஆக்கி, எடைக்கல்லால் அளவு திருத்தி, மருந்து அளக்கும் கருவியைத் தராசைப் பார்த்து அமைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். பத்துக்கு ஒன்றாக நிறுத்துப் பார்க்கையில் கருவி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் போடுவதுபோல் தெரிந்தது. இரண்டு முறை அதைத் திருகிக் கூட்டினேன். நாற்பத்தைந்தாவது தோட்டாவருகே தற்செயலாகத் தட்டைத் தராசிலிருந்து எடுத்தபோதுதான் திரையைக் கவனித்தேன். தட்டை எடுத்தால் தட்டின் எடை கழித்தல் குறியோடு திரையில் வரும். தொடக்கத்தில் அந்த எண்ணைத் தாளில் குறித்து வைத்திருந்தேன். இப்போது வந்த எண் அதிலிருந்து 0.4 கிரெய்ன் விலகியிருந்தது. மருந்து குறையவே இல்லை. தராசின் சுழியந்தான் மெல்ல நகர்ந்திருக்கிறது. அதை நம்பி நான்தான் மருந்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன். அதுவரை நிரப்பிய அத்தனையையும் ஒவ்வொன்றாகச் சுத்தியல் போன்ற இழுப்பானில் செருகி, சிமெண்டுத் தரையில் தட்டித் தட்டிக் குண்டைக் கழற்றி, மருந்தைத் திரும்பக் கொட்டிய இரண்டு மணி நேரம் எனக்கு நல்ல பாடம். தட்டின் கழித்தல் எண்ணை எழுதிவைக்கச் சொல்லிக் கொடுத்தவர் குறிபார்க்கும் களத்தில் அறிமுகமான மூத்தவர் ஒருவர். அந்த ஒரு பழக்கம் இல்லாமலிருந்தால் ஐம்பதையும் சுட்டுவிட்டுத்தான் யோசித்திருப்பேன்.

ஏன் இப்படி நகர்கிறது? இவ்வகைத் தராசின் உள்ளே வளையக்கூடிய சிறு உலோகத் துண்டு இருக்கிறது. பாரம் ஏறினால் அது வளையும், அதன்மேல் ஒட்டியுள்ள மெல்லிய கம்பிப் பின்னலின் மின்தடை மாறும், அந்த மாற்றத்தைத் தராசு எடையாகப் படிக்கிறது. வெப்பம் மாறினாலும் உலோகமும் தடையும் மாறும். குளிரூட்டிய வீட்டுக்குள்ளிருந்து எடுத்து வந்த தராசை ஹூஸ்டனின் ஆகஸ்ட் மாதக் கொட்டகையில் வைத்து உடனே நிறுத்தால், அது சூடேறி முடியும் வரை சுழியம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இப்போதெல்லாம் மின்னணுத் தராசு எதுவானாலும் மேசையில் வைத்து, மின்கலத்துக்குப் பதில் சுவர் மின்னிணைப்பு கொடுத்து, அரைமணி நேரம் ஓடவிட்டபிறகே அளவு திருத்துகிறேன். வலுவிழந்த மின்கலமும் எண்ணை அலையவிடும். பழைய குழல்விளக்கும் கைபேசியும் தராசுக்கு அருகில் வேண்டாம் என்று பல நிறுவனங்கள் தம் கையேட்டிலேயே எச்சரிக்கின்றன. டெக்சாஸில் குளிர்காலக் காற்று வறண்டு வீசும் நாள்களில் பிளாஸ்டிக் புனலில் ஏறும் நிலைமின்னேற்றம் மருந்து மணிகளைப் புனலின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ள வைக்கும். துணி உலர்த்தியில் போடும் தாளால் புனலையும் தட்டையும் ஒருமுறை துடைத்தால் அது நின்றுவிடும்.

இவ்வளவுக்கும் மேல், வெளியே தெரியாத தொல்லை ஒன்று உண்டு. மின்னணுத் தராசு சுழியத்துக்கு அருகே நிகழும் சின்னஞ்சிறு மாற்றங்களைக் காற்றின் வேலை என்று கருதித் தானே அழித்துக்கொள்ளும். எண் நிலைத்துவிட்டபிறகு வரும் மிகச்சிறிய மாற்றத்தையும் சில தராசுகள் கண்டுகொள்வதில்லை. டிரிக்லர் என்ற சிறு கருவியைத் திருகி மணிமணியாக மருந்தை இறக்கும்போது நிகழ்வது அதேதான். நான்கைந்து மணி விழுந்தும் எண் அசையாது. பிறகு திடீரென்று 0.2 கூடும். தட்டைச் சற்றே தூக்கி மறுபடி வைத்தால் உண்மை எடை வரும். ஒவ்வொரு முறையும் தூக்கி வைப்பதென்றால் மின்னணுத் தராசு தரும் வேகம் எங்கே போயிற்று?

இனி கோல் தராசுக்கு வருகிறேன். எனக்குக் கிடைத்தது பழைய 5-0-5. துப்பாக்கிப் பொருள்களுக்கான வாரச்சந்தை ஒன்றில் எண்பது டாலருக்கு, பச்சைப் பெயிண்ட் உரிந்த நிலையில் வாங்கினேன். ஆர்சிபிஎஸ் கலிஃபோர்னியாவின் ஓரோவில் நகரில் 1943இல் ஃபிரெட் ஹண்டிங்டன் தொடங்கிய நிறுவனம். அந்த நான்கெழுத்துக்குரிய விரிவு ராக் சக் புல்லட் ஸ்வேஜ். ராக் சக் என்பது மேற்கு மாநிலங்களின் மலைப்பாறைகளில் வாழும் பெரிய அணில் இனம், அதைச் சுடுவதற்கான குண்டு செய்யும் அச்சுக்கு வைத்த பெயர் நிறுவனத்துக்கே நிலைத்துவிட்டது. தராசை அவர்களுக்குச் செய்து கொடுத்தது நியூஜெர்சியில் 1907இல் தொடங்கிய ஓஹாஸ் என்ற தராசு நிறுவனம். நகைக்கடைத் தராசும் பள்ளி ஆய்வகத் தராசும் செய்த கை என்பது தூக்கிப் பார்த்தாலே தெரிகிறது.

இதன் அமைப்பைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் மறைவானது எதுவுமே இல்லை, அதுதான் இதன் பெருமை. கோலின் நடுவில் கத்திபோல் தீட்டிய எஃகு விளிம்பு இரண்டு இருக்கின்றன. அவை அகேட் கல்லில் குடைந்த பள்ளங்களில் அமர்கின்றன. இடப்பக்கம் பெரிய நகரும் எடை பத்துப் பத்துக் கிரெய்னாக வெட்டுகளில் உட்காரும். வலப்பக்கம் இரண்டு சிறியவை பத்து கிரெய்னிலிருந்து 0.1 வரை பார்த்துக்கொள்ளும். மொத்தக் கொள்திறன் 511 கிரெய்ன். கோலின் நுனியில் உள்ள செம்புத் தகடு இரண்டு காந்தங்களுக்கு நடுவே தொடாமல் ஊசலாடுகிறது. செம்பைக் காந்தம் ஈர்க்காது. ஆனால் காந்தப்புலத்தில் நகரும் செம்பில் சுழல் மின்னோட்டம் பிறந்து அந்த நகர்வையே எதிர்க்கும். நகர்வு நின்றால் எதிர்ப்பும் நின்றுவிடும். ஆகவே உராய்வு சிறிதுமில்லாமல் முள் இரண்டு மூன்று ஆட்டத்தில் அமைதியாகிவிடுகிறது. மின்கலம் இல்லை, சூடேற்ற வேண்டியதில்லை, நேரமாக ஆக நகரும் சுழியம் இல்லை. எடையை எடையோடு ஒப்பிடுவதால் புவியீர்ப்பு மாறினாலும் இதற்குக் கவலையில்லை. கடலோர ஹூஸ்டனில் திருத்திய மின்னணுத் தராசைக் கொலராடோ மலைக்குக் கொண்டுபோனால் மறுபடி திருத்த வேண்டும், கோல் தராசை மட்டம் பார்த்துச் சுழியம் சரிசெய்தால் போதும்.

நுட்பத்திலும் இது சளைத்ததல்ல. குச்சி வடிவ மருந்து மணி ஒன்றின் எடை 0.02 கிரெய்ன் அளவில்தான் இருக்கும். முள் கோட்டில் நின்றபின் இடுக்கியால் ஒரே ஒரு மணியைத் தட்டில் வைத்தேன். முள் கோட்டின் பருமனில் பாதியளவு மேலேறி நின்றது. அதை எடுத்தேன், பழைய இடத்துக்கே திரும்பியது. இதையே பத்து முறை செய்தேன், பத்து முறையும் அப்படியே. உறுதியளித்திருப்பது 0.1 கிரெய்ன், நன்றாக வைத்துக்கொண்டால் அதைவிட மேலாகவே வேலை செய்கிறது. பழைய கோல் தராசு வாங்குபவர்கள் இந்தச் சோதனையைச் சந்தையிலேயே செய்துவிடலாம்: கோலை இலேசாகத் தொட்டு விடுங்கள், முள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து நிற்கிறதா என்று பாருங்கள். வேறு வேறு இடத்தில் நின்றால் ஒன்று கத்தி விளிம்பு மழுங்கியிருக்கும், அல்லது காந்தங்களின் நடுவே இரும்புத் தூள் சேர்ந்து செம்புத் தகட்டை உரசும். இரண்டாவது காரணமென்றால் ஒட்டுநாடாவைச் செருகி எடுத்தாலே தூள் வந்துவிடும். விற்பவருக்கு அது தெரியாததால்தான் எனக்கு எண்பது டாலருக்குக் கிடைத்தது. கத்தி விளிம்பில் எண்ணெய் மட்டும் விடாதீர்கள். எண்ணெய் தூசியைப் பிடித்து வைக்கும், அதன்பின் அந்தத் தராசு எதற்கும் ஆகாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். முள் கண்மட்டத்தில் இல்லாவிட்டால் சாய்த்துப் பார்ப்பதாலேயே எடை மாறித் தோன்றும். நான் மேசைக்கு மேல் ஓரடி உயரத்தில் பலகை அடித்து அதன்மேல் வைத்திருக்கிறேன். முள்ளுக்கு எதிரே பழைய கணினிக் கேமராவைப் பொருத்திப் பெரிதாக்கிப் பார்ப்பவர்களும் உண்டு. காற்று ஆகவே ஆகாது. நாகர்கோவிலில் எங்கள் குடும்பத்துக்கு நகை செய்த ஆசாரி, தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தும் நிறுக்கும்போது விசிறியை நிறுத்திவிட்டு மூச்சையும் அடக்கிக்கொள்வார். சிறுவயதில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இப்போது குளிரூட்டியின் காற்றுவாயை அடைத்துவிட்டு நானும் அப்படித்தான் உட்கார்கிறேன். வேகமும் குறைவு. ரைஃபிள் தோட்டா ஒன்றுக்கு மருந்தை நிறுத்து முடிக்க எனக்கு அரை நிமிடமாவது ஆகிறது.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று, கோல் தராசின் அபிமானிகள் அதிகம் பேசாதது: நகரும் எடையை ஒரு வெட்டுத் தள்ளி வைத்துவிட்டால் தராசு அந்தத் தவறான எடையைத்தான் மிகத் துல்லியமாக நிறுத்துக் கொடுக்கும். சிறியவை இரண்டில் ஒன்றில் ஒரு வெட்டுப் பிசகு ஒரு முழு கிரெய்ன், பெரியதில் பத்து. நேற்று ரைஃபிளுக்கு வைத்த எடையை நகர்த்த மறந்து இன்று கைத்துப்பாக்கிக்கு உட்காருவதும், கை பட்டு எடை நகர்ந்ததைக் கவனியாமல் விடுவதும் எவருக்கும் நேரக்கூடியவை. மின்னணுத் தராசில் எண் கண்ணெதிரே இருக்கும், இந்தத் தவறு நேராது.

இரண்டு வகைத் தவறுக்கும் ஒரே மாற்று சோதனை எடைக்கல். தொடங்குபவர்கள் தேவையற்றது என்று ஒதுக்கும் பொருள் இது. என்னைக் கேட்டால் தராசைவிட முன்னால் வாங்க வேண்டியது. மின்னணுத் தராசோடு வரும் 20 கிராம் கல் 308 கிரெய்னுக்கும் மேல். நாம் நிறுப்பதோ நான்கைந்து கிரெய்ன். மேலே சரியாகக் காட்டுவதால் கீழேயும் சரியாகக் காட்டும் என்பதற்கு உத்தரவாதமில்லை. நாம் நிறுக்கும் எடைக்கு அருகிலேயே சோதிக்க வேண்டும். கிரெய்னில் அளவிட்ட எடைக்கல் தொகுப்புகளைத் தோட்டாக் கருவி நிறுவனங்களே விற்கின்றன. அது கிடைக்காவிட்டால் ஆய்வகப் பொருள் விற்பவரிடம் எம்1 வகுப்பைச் சேர்ந்த மில்லிகிராம் எடைகளை வாங்கலாம். அந்த வகுப்பில் 1 கிராம் கல்லுக்கு அனுமதித்த பிழை 1 மில்லிகிராம், அதாவது 0.015 கிரெய்ன்; நம் வேலைக்கு அது தாராளம். இடுக்கியால் மட்டுமே எடுக்க வேண்டும். விரல் எண்ணெய் படிந்தால் கல்லின் எடை மாறும், வியர்வை பட்டால் துருவேறும். ஒவ்வொரு முறை உட்காரும்போதும் நிறுக்கப் போகும் எடைக்கு ஒத்த கற்களைச் சேர்த்துத் தட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மருந்துப் புட்டியைத் திறக்கிறேன். அந்த ஆகஸ்ட் மாலையில் இடையிடையே இதைச் செய்திருந்தால் பத்தாவது தோட்டாவிலேயே நிறுத்தியிருப்பேன்.

லீயின் சிறிய தராசைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விஸ்கான்சினிலிருந்து வருவது, முப்பது நாற்பது டாலருக்குக் கிடைக்கும். நூறு கிரெய்ன் அளவுக்குத்தான் கொள்ளும், ஆகவே மருந்தை நிறுக்கலாம், கனமான குண்டுகளை நிறுக்க முடியாது. பார்வைக்குப் பொம்மைபோல் இருந்தாலும் நுட்பத்தில் விலையை மிஞ்சியது. என் நண்பருடையதில் சோதனைக் கற்களை வைத்தபோது 5-0-5 காட்டியதிலிருந்து கண்ணுக்குத் தெரியும் விலகல் இல்லை. அளவைப் படிக்கும் முறைதான் புதியவரைக் குழப்பும்; பத்தில் ஒரு பங்கைத் தேடிக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது. கண்ணாடி போட்டும் எனக்குச் சிரமமாக இருந்தது. பணம் உண்மையிலேயே குறைவென்றால் இதையும் சோதனைக் கற்களையும் வாங்குங்கள். அதே விலைக்கு வரும் பெயரற்ற மின்னணுத் தராசை வாங்காதீர்கள்.

மறுகோடியில் ஏ அண்டு டி எஃப்எக்ஸ்-120ஐ. ஜப்பானிய நிறுவனத்தின் ஆய்வகத் தராசு. 122 கிராம் வரை கொள்ளும், படி 0.001 கிராம், கிரெய்னில் 0.02. இதில் வளையும் உலோகம் இல்லை. பாரத்தை மின்காந்த விசை தாங்கி நிறுத்துகிறது. அதற்கு எவ்வளவு மின்னோட்டம் வேண்டியிருந்தது என்பதே எடையாகிறது. ஒரு மணி விழுந்தால் ஒன்றரை விநாடிக்குள் திரையில் தெரியும். தானாக மருந்து இறக்கும் கருவியை இணைத்துவிட்டால் நண்பர் குண்டைப் பொருத்தும் நேரத்துக்குள் அடுத்த அளவு தயாராக இருக்கிறது. ஆயிரம் கெஜத்தில் குறிபார்ப்பவருக்கு இது நியாயமான செலவு. தொடங்குபவருக்கு ஐந்நூறு டாலருக்கு மேல் தராசில் போடுவது வீண். அந்தப் பணத்துக்குப் பிரஸ், டை, கோல் தராசு, எடைக்கல் எல்லாம் வாங்கி, மிச்சத்துக்கு மருந்தும் வாங்கலாம். இடைப்பட்ட விலையில் தராசும் மருந்து இறக்கியும் ஒன்றாக வரும் கருவிகளும் இருக்கின்றன. அவற்றின் தராசும் பெரும்பாலும் வளையும் உலோக வகைதான் என்பதால் மேலே சொன்ன எச்சரிக்கைகள் அப்படியே பொருந்தும்.

எந்தத் தராசும் காப்பாற்றாத இடம் ஒன்றுண்டு, வாங்கும்போதே அது தெரிந்திருக்க வேண்டும். .38 ஸ்பெஷல் 1898இல் வந்தது; கருமருந்து புழங்கிய காலத்து அளவில் வடித்த உறை அது. இன்றைய புகையற்ற மருந்து அதன் அடியில் கொஞ்சம்தான் நிற்கும். தவறுதலாக இரண்டு முறை போட்டாலும் வழியாமல் உள்ளே அடங்கிவிடும். தராசில் சரியாக நிறுத்த அளவையே இரண்டு முறை ஊற்றிவிட்டால் தராசு என்ன செய்யும்? முடித்த தோட்டாவை நிறுத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் வெறும் உறைகளை இருபதாக எடுத்து நிறுத்துப் பார்த்தேன். வேறு வேறு நிறுவனத்து உறைகளுக்குள் மூன்று நான்கு கிரெய்ன் வேறுபாடு இருந்தது, குண்டுகளிலும் ஒரு கிரெய்ன் வரை முன்பின் இருந்தது. நான்கு கிரெய்ன் மருந்து கூடியதா, இல்லவே இல்லையா என்பது அந்த வேறுபாட்டுக்குள் மறைந்துபோகும். ஐம்பது உறைகளையும் மரச்சட்டத்தில் நிறுத்தி, குண்டு வைக்கும் முன் கைவிளக்கை அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் மருந்தின் மட்டத்தைக் கண்ணால் பார்ப்பதுதான் வழி.

இப்போது என் மேசையில் வேலை இப்படி நடக்கிறது: எடைக்கல்லை வைத்து 5-0-5ஐச் சரிபார்த்தபின், கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு மருந்துக் கருவியை அதைக் கொண்டு அமைத்து, பத்துக்கு ஒன்றை நிறுக்கிறேன். ரைஃபிளுக்குச் சற்றுக் குறைத்துப் போட்டு, டிரிக்லரால் மணிமணியாக நிரப்பி, ஒவ்வொன்றையும் நிறுக்கிறேன். வேலை முடிந்ததும் நகரும் எடைகளைச் சுழியத்தில் வைத்து, கோலைப் பள்ளத்திலிருந்து தூக்கித் தனியே கிடத்தி, மேலே துணிப்பையைக் கவிழ்த்துவிடுவேன். அந்தப் பழைய மின்னணுத் தராசைத் தூக்கியெறியவில்லை. ஏலக்காயும் குங்குமப்பூவும் நிறுக்கத் தரும்படி மனைவி கேட்டார். ஈயமும் மருந்தும் பட்ட தட்டு அடுக்களைக்குள் வரக்கூடாது என்று மறுத்துவிட்டேன். குண்டுகளை எடைவாரியாகப் பிரித்து அடுக்க அது பயன்படுகிறது. 158 கிரெய்ன் குண்டில் 0.4 பிசகினால் ஒன்றும் ஆகிவிடாது. தட்டின் கழித்தல் எண்ணை மட்டும் அதன் மூடியில் மார்க்கரால் எழுதி ஒட்டியிருக்கிறேன்.